சாயமும் சக்கரமும்

இலங்கையில் கொழும்பை அடுத்துள்ள கொலன்னாவையில் குடியிருப்பவர்களுக்குப் பெற்றோல் தூரதேசத்துச் சரக்கு அன்று. துறைமுகத்திலிருந்து குழாய்வழியே வரும் எண்ணெயைத் தேக்கி வைத்து, பவுசர்களிலும் ரயிலிலும் நாடெங்கும் அனுப்பும் பிரமாண்டமான தாங்கிகள் எங்கள் ஊரின் நடுவே நிற்கின்றன. அப்படிப்பட்ட ஊரிலேயே, 2022ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி தொடக்கம் ஜூலை 10ஆம் திகதி வரையில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் வழங்கப்படமாட்டாது என்ற அறிவித்தல் வந்தபோது, அந்தத் தாங்கிகளின் நிழலில் நின்றுகொண்டே ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஏங்கிய ஜனங்களை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். வரிசையில் நின்று அலுத்தவர்கள், வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கரவண்டிகளை வெளியே இழுத்துத் துடைத்தார்கள். அதுவும் இல்லாதவர்கள் கொழும்பு டாம் வீதியிலுள்ள சைக்கிள் கடைகளை நாடிச் சென்றார்கள். டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா என்றிருந்த நம் நாணயத்தின் மதிப்பு சில மாதங்களுக்குள் 360 ரூபாவரையில் சரிந்திருந்தபடியால், அங்கே சொல்லப்பட்ட விலையைக் கேட்டு அவர்களிற் பலர் வெறுங்கையுடன் திரும்பினார்கள்.

அந்தப் பொருளாதார நெருக்கடி ஒருவாறு தணிந்துவிட்டது. ஆனால் அக்காலத்தில் சைக்கிளின்மீது ஜனங்களுக்கு உண்டான மதிப்பு இன்னும் தணியவில்லை. முக்கியமாக இளைஞர்கள் விரும்புவது, தடித்த டயரும் நேரான ஹாண்டிலும் பல கியர்களும் கொண்ட மவுண்டன் பைக்கைத்தான். பிள்ளையின் ஆசையையும் கைப்பணத்தின் குறைவையும் ஒருங்கே சுமந்துகொண்டு கடைவாசலில் நிற்கும் பெற்றோரைக் காணும்போதெல்லாம், புதியதை வாங்குவதா பழையதை வாங்குவதா என்ற அவர்களுடைய கேள்விக்கு என் அநுபவத்தில் தெளிந்த விடையை விரிவாகச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றும். இக்கட்டுரை அந்த எண்ணத்தின் விளைவே.

மவுண்டன் பைக் என்னும் இந்த மலைச் சைக்கிளின் ஜன்மக் கதையை அறிந்தால், நம் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, மரின் மாவட்டத்து இளைஞர் சிலர் டமல்பைஸ் என்னும் மலையைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் சைக்கிளில் இறங்கி மகிழ விரும்பினார்கள். அதற்கு ஏற்ற சைக்கிள் எதுவும் அக்காலத்துக் கடைகளில் இல்லை. ஆகவே அவர்கள், 1930களிலும் 40களிலும் ஷ்வின் கம்பனி செய்துவிட்டிருந்த, தடித்த டயர் பூட்டிய கனத்த பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து அற்ப விலைக்கு வாங்கி, மட்காட் முதலிய உபரிச் சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டு, அவற்றிலேயே மலையிறங்கினார்கள். 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அது ஒரு பந்தயமாகவே ஆயிற்று. ஏறக்குறைய 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்கும் அந்தப் பாதையில், பெடலைப் பின்னோக்கி மிதித்தாற் பிடிக்கும் பழைய பிரேக் சூடேறி, உள்ளேயிருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னரும் அதைக் கழற்றிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தபடியால், மறுபடி அடைத்தல் என்று பொருள்படும் 'ரீபாக்' என்பதே அந்தப் பந்தயத்துக்குப் பெயராயிற்று. ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இக்காரியத்துக்கென்றே ஒரு பிரேமைச் செய்தார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் வியாபாரம் தொடங்க, அப்பெயரே அவ்வகைச் சைக்கிள்களுக்கெல்லாம் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் ஒரு போட்டியாக அங்கீகாரம் பெற்றது.

இந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. மலைச் சைக்கிள் என்ற இனமே, கழித்துப்போடப்பட்ட பழைய சைக்கிள்களிலிருந்து தோன்றியது. ஆதலால் பழையதை வாங்குவதிலே கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அடுத்தது, கடைகளில் இன்று நம் கண்ணை முதலிற் கவரும், குலுக்கலைத் தாங்கும் ஷொக் என்ற சாதனம் அந்த ஆதி மலைச் சைக்கிள்களில் இருக்கவேயில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை ஷொக் பொருத்தியதாக 1980களின் இறுதியிலேதான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் பத்து வருஷங்களுக்கு மேலாக மலையேறியவர்களும் இறங்கியவர்களும், நல்ல பிரேமையும் தடித்த டயரையும் தங்கள் கைகால்களின் வலிமையையுமே நம்பினார்கள்.

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், எந்தப் பாதையில் ஓட்டப்போகிறோம் என்று யோசிப்பது அவசியம். கொலன்னாவையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கோ வெள்ளவத்தைக்கோ வேலைக்குப் போய்வருகிறவருக்கு மலை எதுவும் குறுக்கே வராது. வருவன எல்லாம் தாரிட்ட வீதி, அதிலே குழிகள், மழை பெய்தால் முழங்காலளவு நீர், ஓரத்தில் கால்வாய்க்கரை ஆகியவையே. தடித்த டயரும் உறுதியான சக்கரமும் அவருக்குப் பிரயோஜனப்படும்; ஆனால் சேற்றைக் கவ்வுவதற்கென்று பெரிய பற்கள் எழும்பிய டயர் அவருக்கு வீண்பாரமாகி, ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சம் சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும். நடுப்பகுதி வழவழப்பாகவும் இருமருங்கும் சற்றே கரடுமுரடாகவும் உள்ள டயர் அவருக்கு உகந்தது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ தோட்டப் பாதையில் ஏறியிறங்குகிறவருடைய நிலைமை வேறு. கற்கள் பரவிய அந்தப் பாதைகளுக்கு, மிகக் குறைந்த கியரும், நம்பகமான பிரேக்கும், பற்களுள்ள டயரும் இன்றியமையாதவை. வன்னியின் கிரவல் வீதிகளிலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் ஓடுவதற்கோ, ஏழு கியருக்குமேல் ஒருவருக்கும் தேவைப்படாது.

புதிய சைக்கிள் வாங்குகிறவர் சிக்கிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. அதை நான் என் குடும்பத்திலேயே கண்டேன். என் தங்கையின் மகன், முன்னும் பின்னும் ஷொக் வைத்த, டிஸ்க் பிரேக் பூட்டிய, மஞ்சளும் கறுப்புமாய் மின்னிய ஒரு புதிய சைக்கிளை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்தான். ஆறு மாதத்துக்குள் பின் ஷொக்கின் மூட்டுக்கள் ஆட்டங்கண்டு கிறீச்சிட்டன; முன் ஷொக் துருவேறி அசையாமற் போயிற்று; ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அவனுடைய உழைப்பில் ஒரு பங்கு, சக்கரத்துக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே கரைந்தது. இதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு சைக்கிளைச் செய்பவருக்கு இவ்வளவு செலவில் முடிக்க வேண்டும் என்ற எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இரண்டு ஷொக்கும் டிஸ்க் பிரேக்கும் 21 கியரும் சேர்க்க வேண்டுமானால், அவற்றின் விலையை அவர் பிரேமிலும் சக்கரத்திலும், அச்சுக்களில் உருளும் போல்ஸ் என்ற குண்டுகளிலும் குறைத்தே தீரவேண்டும். மலிவான ஷொக் கவை ஒன்று இரண்டரைக் கிலோவுக்கும் அதிகமாக இருக்கும். அதனிடத்தில் நிற்கக்கூடிய சாதாரண இரும்புக் கவையின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோதான். ஆகவே, குறைந்த பணத்தில் கிடைக்கும் ஒவ்வோர் அலங்காரமும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் அவசியத்தைப் பறித்துக்கொண்டுதான் வருகிறது என்பதை நாம் திண்ணமாக நம்பலாம்.

ஆதலால் புதியதே வேண்டும் என்பவர், பின் ஷொக் உள்ளதை அறவே ஒதுக்கிவிட்டு, கூடுமானால் முன் ஷொக்கும் இல்லாததாகப் பார்த்து எடுப்பது நன்று. சக்கர ரிம் அலுமினியமாக இருக்க வேண்டும். இரும்பு ரிம்மில் மழைநீர் பட்டால் பிரேக்கின் ரப்பர்க் கட்டை பிடிக்காமல் வழுக்கிவிடும், நம் ஊர் மழையில் அது பெரும் ஆபத்து. தரங்குறைந்த டிஸ்க் பிரேக்கைவிட, ரிம்மை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் வீ பிரேக் சிறந்தது. அதன் கட்டைகள் எந்தக் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும், வீட்டிலேயே மாற்றிவிடலாம். கியரின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட அதன் தரத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஷிமானோ கம்பனியின் வரிசையில் டூர்னி அடிப்படியிலும், அதற்குமேல் ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ, டியோர் என்று ஒன்றின்மேல் ஒன்றாகவும் நிற்கின்றன. இந்தப் பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் சொல்லும் விலை நியாயமானதா என்று ஓரளவு தீர்மானிக்கலாம். பாணந்துறையில் செய்யப்படும் லுமாலா போன்ற உள்நாட்டுச் சைக்கிள்களுக்கு ஒரு விசேஷ சௌகரியமும் உண்டு: நாட்டின் எந்த மூலையிலும் அவற்றுக்குச் சாமான் கிடைக்கும், திருத்துவதற்கும் ஆள் இருப்பார். புதிய சைக்கிளை வாங்கியவர் ஒரு மாதம் ஓட்டியபின், தளர்ந்த கேபிள்களையும் கம்பிகளையும் மறுபடியும் இறுக்குவித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால் கோணிப்போன புதுச் சக்கரங்கள் அநேகம்.

இனிப் பழைய சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். சுமார் பத்துப் பதினைந்து வருஷங்களாக மலைச் சைக்கிள் செய்யும் பெரிய கம்பனிகள் 26 அங்குலச் சக்கரத்தை விட்டு 27.5 அங்குலத்துக்கும் 29 அங்குலத்துக்கும் போய்விட்டபடியால், ஒரு காலத்தில் பெரும் விலை பெற்ற 26 அங்குலச் சைக்கிள்கள் பழைய சந்தையில் மலிந்து கிடக்கின்றன. நமக்கோ அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. 26 அங்குல டயர் நம் நாட்டுக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. 26 × 1.95 என்று எழுதிய மலைச் சைக்கிள் டயரும், 26 × 1 3/8 என்று எழுதிய சாதாரணச் சைக்கிள் டயரும் பேச்சு வழக்கில் இரண்டும் இருபத்தாறுதான். ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றொன்று ஏறாது. ஆகையால் பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை அப்படியே குறித்துக்கொண்டு போய் வாங்க வேண்டும்.

மாட்டுச் சந்தையிலே நம் முன்னோர், காளையின் சுழியைப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, அதன் பின்னரே விலை பேசினார்கள். சைக்கிளுக்கும் அதே பரீட்சை முறைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்தும் ஒரு முதியவரிடம் நான் முதன்முதலிற் போனபோது, பளபளவென்று சாயம் பூசிய ஒன்றை நான் தடவிக்கொண்டு நிற்பதைக் கண்டு, "தம்பி, பெயின்ற்றைப் பார்த்து மயங்காதேங்கோ. சக்கரத்தைச் சுத்திப் பாருங்கோ, அது பொய் சொல்லாது" என்றார். பிரேம் வளைந்ததா என்று எப்படி அறிவது என நான் கேட்க, "பொறுங்கோ ஐயா, ஒவ்வொண்டாய்க் காட்டிறன்" என்று அவர் அன்று காட்டிய முறையையே இங்கே ஒழுங்காகத் தருகிறேன்.

முதலிற் பார்க்க வேண்டியது பிரேம். ஹாண்டில் நுழையும் குழாய்க்குச் சற்றுப் பின்னே, கீழே சாய்ந்து வரும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே சாயம் சுருங்கியோ குழாய் புடைத்தோ இருந்தால், அந்தச் சைக்கிள் எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது. பிறகு பேச வேண்டியது ஒன்றும் இல்லை. ஒட்டுக்களின் ஓரத்தில் மயிர்க்கோடுபோல் வெடிப்பு இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரும்புப் பிரேமில் வெடிப்பு ஏற்பட்டால் கைதேர்ந்தவர் ஒட்டித்தருவார். அலுமினியப் பிரேம் வெடித்தால் அதை நம்பி ஏறக்கூடாது.

அடுத்து சக்கரம். தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்மிற்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தால், கோணல் எவ்வளவென்று வெளிப்பட்டுவிடும். சிறு கோணலைக் கம்பிகளை இறுக்கி நேராக்கலாம். ரிம்மின் பக்கம் தேய்ந்து உட்குழிந்திருந்தால் மட்டும் அந்தச் சக்கரத்துக்கு ஆயுள் முடிந்தது என்று கொள்க. பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டியும், பெடல் பூட்டிய கிராங்கைப் பிடித்து உள்ளும் வெளியுமாகத் தள்ளியும், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்பின்னாக அசைத்தும் பார்த்தால், மூன்று இடத்துப் போல்ஸ்களின் நிலைமையும் கைக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியவை பற்சக்கரத்தின் பல்லும் அதில் ஓடும் செயினும். செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம். ஓர் ஊசியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்தால், அதிலிருந்து 24ஆவது ஊசியின் நடு, 12 அங்குலக் கோட்டிற் சரியாக நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளி நின்றால் செயினோடு பற்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன என்று அறிக. தேய்ந்த பல் நாய்ப்பல்போற் கூர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இவற்றையெல்லாம் மாற்றலாம், ஆனால் மாற்றும் செலவை விற்பவர் சொல்லும் விலையிலிருந்து கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.

நான்காவது பரீட்சை எங்கள் பக்கத்துக்கே உரியது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகி, கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, வெள்ளம் வடிந்த வீடுகளில் எத்தனை சைக்கிள்கள் சேற்றுடன் சாய்ந்து கிடந்தன என்பது நினைவிருக்கும். வெளியே கழுவித் துடைத்துவிட்டால் வெள்ளத்தின் அடையாளம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போன நீர், கிறீஸை வெண்குழம்பாக்கி, போல்ஸ்களை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே சீற்றையும் அதன் கம்பியையும் கழற்றிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்க்க வேண்டும். குழாய்க்குள்ளிருந்து துருத்தூளோ மணலோ நீரோ கொட்டினால், அது வெள்ளத்திலோ மழையிலோ நெடுநாள் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சீற் கம்பி கழலவே மாட்டேன் என்று இறுகிப் போயிருந்தால், அதுவும் அதே நோயின் அறிகுறியே.

சைக்கிள் எவ்வளவு நல்லதாயினும், உடம்புக்கு அளவானதாக இல்லாவிட்டால் பயனில்லை. சப்பாத்துடன் மேற்குழாயின்மீது கால்பரப்பி நின்றால், குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். சீற்றில் அமர்ந்து, தாழ்ந்து நிற்கும் பெடலிற் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். வளரும் பிள்ளைக்கென்று இரண்டு அளவு பெரிய சைக்கிளை வாங்கிக் கொடுப்பது, அன்பினாற் செய்யப்படும் ஒரு பிழை. தரையிற் கால் எட்டாத பிள்ளை சந்தியிலே திடீரென்று நிறுத்த நேர்ந்தால் விழுந்துவிடும்.

பணத்தைப் பங்கிடுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கையில் 40,000 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30,000 ரூபாவை மட்டும் சைக்கிளுக்கு ஒதுக்கி, எஞ்சிய காற்பங்கைத் தலைக்கவசத்துக்கும், விளக்குக்கும், பூட்டுக்கும், பழையதானால் புதிய டயர், ரியூப், பிரேக் கட்டை, கேபிள் ஆகியவற்றுக்கும் வைத்திருக்க வேண்டும். முழுப் பணத்தையும் சைக்கிளிலேயே போட்டுவிட்டு, தேய்ந்த பிரேக்கோடு வீதியில் இறங்குகிறவர், மிச்சம்பிடித்த சில நூறு ரூபாவுக்காகத் தம் உடம்பைப் பணயம் வைக்கிறார். வாங்கும்போது, பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியிற் பொறித்திருக்கும் பிரேம் இலக்கத்தைக் குறித்து, விற்பவரின் கையொப்பத்துடன் ஒரு பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்வது அவசியம். அந்த இலக்கம் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தால், அது ஏதோ ஓர் ஏழைத் தொழிலாளியிடமிருந்து களவாடிய சைக்கிளாக இருக்கலாம். எவ்வளவு மலிவாயினும் அதைத் தொடக்கூடாது.

அன்று அந்த முதியவர் எனக்குத் தேர்ந்து கொடுத்தது, சாயம் மங்கிய, ஷொக் எதுவும் இல்லாத, இரும்புப் பிரேம் கொண்ட ஒரு 26 அங்குலச் சைக்கிள். இரண்டு டயரும் ஒரு செயினும் மாற்றினேன். பிரேக் கட்டைகளைக் காலத்துக்குக் காலம் மாற்றிவருகிறேன். பெற்றோல் இல்லாத நாட்களில் அது எங்கள் குடும்பத்துக்கு மருந்தும் அரிசியும் சுமந்தது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் இன்றும் நான் அதையே நம்பியிருக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். கைப்பணம் குறைவானால், பார்த்துப் பரீட்சித்து எடுத்த நல்ல பழைய சைக்கிளே முதற்பட்சம். பரீட்சிக்கத் தெரிந்தவர் துணைக்கு இல்லையென்றால், ஷொக் இல்லாத எளிய புதிய சைக்கிள் இரண்டாம் பட்சம். மலிவு விலையில் ஆடம்பரம் காட்டும் புதிய சைக்கிள் எந்தப் பட்சத்திலும் வேண்டாம். வாங்கப் போகிறவர்களே, பகல் வேளையில் போங்கள், ஓர் அடிமட்டத்தைக் கையோடு கொண்டு போங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.